மடியில் துணி, எதிரே திரை

போன வாரம் என் அண்ணன் மகள் கைப்பேசியும் நூல்கண்டுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தை, இந்த ரோஜாவை அரை நிமிஷத்துல போட்டுடுறாங்க. நான் ரெண்டு நாளா மல்லுக்கட்டுறேன், வரவே மாட்டேங்குது" என்றாள். வாங்கிப் பார்த்தேன். குரோஷா ஊசி நூலுக்குள் நுழைகிறது. கண் சிமிட்டுவதற்குள் ஓர் இதழ் முழுசாக வந்துவிடுகிறது. இடையில் போட்ட ஏழெட்டுப் பின்னலையும் வெட்டிவிட்டார்கள். அவள் கையில் ஒரு குறையும் இல்லை. அவளுக்குத் தேவைப்பட்ட இடம்தான் அந்தப் படத்தில் இல்லை.

வீட்டில் உட்கார்ந்து கைவேலை செய்கிறவர்கள், செய்ததைப் படம் பிடித்து நாலு வரி எழுதிப் பகிர்ந்துகொள்கிறவர்கள், இவர்களுக்கு இணையத்தில் எது கைகொடுக்கும் என்று இன்றைக்குப் பேசலாம் என்றிருக்கிறேன். ஒரு தளத்தை எடைபோட எனக்கு ஒரு வழி உண்டு. பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடவேண்டும். அதற்குப் பிறகும் ஊசி நின்றுவிடாமல் ஓடினால் அது நல்ல தளம். மறுபடி மறுபடி நிமிர்த்திப் பார்க்கவேண்டியிருந்தால், அங்கே பார்த்தது வேடிக்கைதான், பாடமில்லை.

அந்தச் சோதனையில் எனக்கு முதலில் தேறியது 'ஸ்டிச் பேங்க்'. லண்டன் பக்கம் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 'ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க்' என்ற பள்ளி இருக்கிறது. 1872-இல் தொடங்கிய பள்ளி. உலகத்தில் உள்ள எம்ப்ராய்டரித் தையல் ஒவ்வொன்றையும் பதிந்து வைப்போம் என்று 2021-இல் இந்தத் தளத்தைத் திறந்தார்கள். காசு கேட்பதில்லை. ஒரு தையலுக்கு ஒரு பக்கம். அந்தத் தையல் எங்கே புழங்கியது, எதற்குப் பயன்பட்டது என்று கொஞ்சம் சொல்லிவிட்டு, படிப்படியாக வரைபடம், புகைப்படம், காணொளி என்று மூன்று விதமாகவும் காட்டுகிறார்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் வரைபடத்தை வைத்தே போட்டுவிடலாம்.

பிரெஞ்ச் நாட் போடுகிறவர்களுக்கு ஒரு தொல்லை தெரிந்திருக்கும். ஊசியில் நூலைச் சுற்றி உள்ளே குத்தினால், முடிச்சு அப்படியே துணிக்குள் முழுகிப் பின்பக்கம் போய்விடும். வெளியே வந்த ஓட்டையிலேயே திரும்பக் குத்துவதுதான் காரணம். ஓர் இழை தள்ளிக் குத்தவேண்டும். குத்தி முடிக்கிறவரை இடது கை நூலை விறைப்பாகப் பிடித்திருக்கவேண்டும். மெதுவாக ஓடும் படத்தில் இந்த ஓர் இழை கண்ணுக்குத் தெரியும். வேகமாக ஓட்டிய படத்தில் எத்தனை தடவை பார்த்தாலும் தெரியாது.

இன்னொன்று, பழைய புத்தகங்கள். தெரேஸ் த தில்மோன் என்று ஆஸ்திரியாவில் பிறந்த ஓர் அம்மையார் 1886-இல் ஊசிவேலைக்கென்றே ஒரு கலைக்களஞ்சியம் வெளியிட்டார். பிரான்சின் மூலூஸ் நகரத்து டி.எம்.சி. நூல் கம்பெனியோடு சேர்ந்து செய்த வேலை. அந்தப் புத்தகத்தின் ஆங்கில வடிவம் முழுவதும், படங்களோடு, 'புராஜெக்ட் கூட்டன்பர்க்' தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. எடுத்த எடுப்பில் பூவும் கொடியும் வராது. எப்படி உட்காரவேண்டும், ஊசியை எப்படிப் பிடிக்கவேண்டும் என்றுதான் ஆரம்பம். நூல் 40, 50 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம் என்கிறார். கண்டிலிருந்து வெட்டும்போது, கண்டுப் பக்கம் இருக்கும் நுனியைத்தான் ஊசியில் கோக்கவேண்டும், மற்ற நுனியைக் கோத்தால் முறுக்குப் பிரிந்து இழை சிதறும் என்கிறார். நூலைப் பல்லால் கடித்துப் பிய்த்துக் கோத்துக்கொண்டிருந்தவள் நான். படித்த அன்று மாற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு பாதியில் நூல் பஞ்சாகப் பிரிவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

இதே வகையில் 'ஆன்டிக் பேட்டர்ன் லைப்ரரி' என்று ஒன்று உண்டு. தன்னார்வலர்கள் நூறு வருடத்துக்கு முந்தைய குரோஷா, கிராஸ் ஸ்டிச், லேஸ் கையேடுகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து போடுகிறார்கள். அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத் தளத்திலும் நெசவுக்கும் லேஸுக்கும் அப்படி ஒரு சேமிப்பு இருக்கிறது. அதைச் சேர்த்தவர் ரால்ஃப் கிரிஸ்வோல்ட். ஸ்னோபால், ஐகான் என்ற கணினி மொழிகளை உருவாக்கியவர்களில் ஒருவர். கணினி மொழி எழுதிய மனிதருக்குத் தறியின் குறுக்கும் நெடுக்கும் பிடித்துப்போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. கட்டம் போட்டுக் கணக்குப் பார்க்கிற வேலைதானே இரண்டும்.

லேஸ் என்றதும் நாகர்கோவில் நினைவு வராமல் இருக்காது. 1819-இல் அங்கே வந்த மிஷனரி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, பாதிரியார் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலையும் கூடவே போனது. திண்டுமேல் அட்டையை வைத்து, அதில் குத்திய ஓட்டைகளில் குண்டூசி நட்டு, கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அட்டை தொலைந்தால் டிசைனும் தொலைந்தது. நம் வீடுகளிலும் பாட்டியின் பெட்டியில் மஞ்சள் பூத்த காகிதத்தில் ஒரு கிராஸ் ஸ்டிச் கட்டம் கிடக்கும். இருந்தால் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மேற்படி சேமிப்பெல்லாம் யாரோ ஒருவர் இப்படித் தம் வீட்டுப் பெட்டியைத் திறந்ததால் வந்ததுதான்.

இனி, நான் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். எனக்குக் குரோஷா கற்றுக்கொடுத்தவர் ஒரு கன்னியாஸ்திரீ. அவர் சொல்லித்தந்தது பிரிட்டிஷ் முறை. என் தங்கை குழந்தைக்குத் தொப்பி போட இணையத்தில் ஒரு குறிப்பை எடுத்தேன். டபுள் குரோஷே என்று இருந்தது. எனக்குத் தெரிந்த டபுள் குரோஷேயை வரி பிசகாமல் போட்டு முடித்தேன். தொப்பி காதுவரைகூட இறங்கவில்லை, உச்சந்தலையில் தட்டு மாதிரி உட்கார்ந்தது. மூன்று ராத்திரி வேலை. பிறகுதான் தெரிந்தது, அது அமெரிக்கக் குறிப்பு. அவர்கள் டபுள் என்று சொல்வது பிரிட்டிஷ் கணக்கில் டிரெபிள், அதாவது உயரமான பின்னல். அவர்களுடைய சிங்கிள்தான் நம் சிஸ்டர்மார்கள் சொன்ன டபுள். ஆகவே எந்தக் குறிப்பை எடுத்தாலும் முதலில் எந்த ஊர்க் கணக்கு என்று பாருங்கள். சிங்கிள் குரோஷே என்ற சொல் எங்காவது இருந்தால் பெரும்பாலும் அமெரிக்க முறை. இந்தச் சிக்கலே வேண்டாமென்றால், குறியீடு போட்ட வரைபடமாக எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன முட்டை வடிவம் சங்கிலிப் பின்னல், கோடும் அதன் தலையில் குறுக்குக் கோடும் உயரப் பின்னல்கள். எந்த நாட்டவர் வரைந்தாலும் ஏறக்குறைய இதே குறிகள்தான்.

அந்தத் தொப்பியை நான் 'ரேவல்ரி' தளத்தில் முன்கூட்டியே தேடியிருந்தால் தப்பித்திருப்பேன். 2007-இலிருந்து இருக்கிறது. கணக்குத் தொடங்கக் காசில்லை. இலவசக் குறிப்புகளும் விலைக்கு வாங்குபவையும் கலந்திருக்கும், தேடும்போது இலவசத்தை மட்டும் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே குறிப்பைவிட, அதே குறிப்பைப் போட்டுப் பார்த்தவர்கள் எழுதிவைத்திருப்பதுதான் பெரிய சொத்து. என்ன நூல், எத்தனை மில்லிமீட்டர் ஊசி, எந்த வரியில் இடித்தது, எப்படித் திருத்தினேன் என்று ஒவ்வொருவரும் பதிந்திருப்பார்கள். கைவேலை பற்றி எழுத ஆசைப்படுகிறவர்கள் எதை எழுதுவது என்று இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். முடிந்த பொருளின் அழகான படத்தை எல்லாரும் போடுகிறார்கள். பிரித்துப் போட்ட மூன்றாவது வரியைப் பற்றி எழுதுகிறவரைத்தான் நான் தேடிப் போய்ப் படிக்கிறேன்.

காணொளியே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். ஒயர் கூடைக்குக் காணொளியை விட்டால் வேறு வழியே இல்லை. சிவன் கண் கூடை, நெல்லிக்காய்க் கூடை எல்லாம் நம் பெண்கள் கைக்குக் கை மாற்றிக் கொடுத்து வந்தவை. இன்றைக்கு எத்தனையோ அக்காமார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இத்தனை ரோல் வாங்குங்கள், ஒயரை இத்தனை அடிக்கு வெட்டுங்கள் என்று கணக்குச் சொல்லி, ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கிக் காட்டுகிறார்கள். தமிழில் கைவேலைக்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்க்கவில்லை. பார்க்கும்போது ஓடும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். யூடியூபிலேயே அதற்கு வசதி இருக்கிறது. அண்ணன் மகளுக்கும் அதைத்தான் சொன்னேன், வேறு ஒரு ரோஜாவைக் காட்டி.

அருங்காட்சியகங்களை நம்மில் பலர் கைவேலைக்காகத் தேடுவதில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் சுமார் 3,75,000 படங்களை யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. 2020-இல் ஸ்மித்சோனியன் 28 லட்சம் படங்களைத் திறந்தது. மெட்ரோபாலிட்டன் தளத்தில் பாலம்போர் என்று தேடிப் பாருங்கள். நம் சோழமண்டலக் கரையில் வரைந்து சாயமேற்றி ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய படுக்கை விரிப்புகள் வரும். நடுவில் ஒரு மரம், கிளைக்குக் கிளை வேறு வேறு பூ. படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், பூவின் ஓரக்கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிவது தெரியும். வரைந்த கை அழுத்தியதும் தூக்கியதும் அப்படியே நிற்கிறது. ஸ்டெம் ஸ்டிச்சில் கொடி போடுகிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்து இரண்டு இழை, மூன்று இழை என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், கொடிக்கு உயிர் வந்துவிடும்.

திறந்துவிட்டார்கள் என்றால் எல்லாமே திறந்ததென்று பொருளில்லை. படத்தின் கீழே சிசி, அதாவது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமக் குறி, சிசி ஜீரோ என்று இருந்தால் கேட்காமல் எடுக்கலாம். சிசி பை என்றால் செய்தவர் பெயரைச் சொல்லவேண்டும். கூடவே என்சி என்று இருந்தால் விற்பனைக்கு ஆகாது. ஒன்றும் எழுதவில்லை என்றால் உரிமை அவருடையது என்றே கொள்ளவேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி ஒருவர் எழுதிய நூலின் உரிமை அவர் மறைந்து 60 ஆண்டு வரை நிற்கிறது. தையல் முறை யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் ஒருவர் உட்கார்ந்து வரைந்த கட்டப்படமும் எடுத்த புகைப்படமும் அவருக்குச் சொந்தம். விலைக்கு விற்கும் குறிப்பை வாங்கி வாட்ஸப் குழுவில் பரப்புகிறவர்கள் நம்மைப் போல ராத்திரி கண்விழித்த இன்னொரு பெண்ணின் கூலியைத்தான் எடுக்கிறார்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. வெளிநாட்டுக் குறிப்புகளில் டி.எம்.சி. நூல் எண் இருக்கும், நம் கடைகளில் பெரும்பாலும் ஆங்கர். மாற்று எண் அட்டவணை இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. டி.எம்.சி. 310 கறுப்பு என்றால் ஆங்கரில் 403. அட்டவணைக்கு அட்டவணை சில நிறங்கள் மாறும், அதனால் கடையில் நூலைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஜெராக்ஸ் கடையில் பேட்டர்ன் பிரிண்ட் எடுக்கும்போது தாளுக்குள் அடங்கும்படி சுருக்கவேண்டாம், உள்ள அளவிலேயே எடுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, நம் ஊர்ச் சேமிப்பு ஒன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி 1970-களில் கோலத்தைக் கணித இலக்கணமாக ஆராய்ந்தார். அவருடைய கோலக் குறிப்புகளைச் சென்னை கணிதவியல் கழகத்தின் தளத்தில் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு ஒரு தாமரைக் கோலத்தை மேட்டித் துணியில் ஏற்றிவிட ஆசை வந்தது. 15 புள்ளி, 8 வரை இடுக்குப் புள்ளி. அங்குலத்துக்கு 14 கட்டமுள்ள துணி. புள்ளிக்குப் புள்ளி நாலு கட்டம் என்று குறுக்கேயும் நெடுக்கேயும் விட்டேன். தாமரை நீண்டு வாழைப்பூ மாதிரி ஆகிவிட்டது. இடுக்குப் புள்ளியில் மூன்று புள்ளிகள் சேர்ந்து சம முக்கோணம் ஆகவேண்டும். சம முக்கோணத்தின் உயரம் அதன் பக்கத்தைவிடக் குறைவு என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஊசி பிடித்தபோது மறந்துபோனது. குறுக்கே 8 கட்டம், நெடுக்கே 7 கட்டம் என்று மாற்றினேன். இப்போது அகலம் 8 அங்குலம், உயரம் 7 அங்குலம். நடுவரிசைப் புள்ளி 15-ஐயும் வெள்ளை நூலில் வைத்தாயிற்று. இன்று ராத்திரி முதல் இதழ். அண்ணன் மகளும் ஒரு துண்டு மேட்டித் துணியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.