பென்ஷன் இல்லாத சிப்பாய்க்கு என்ன வழி?

(கலசப்பாக்கத்தில் நிகழ்த்திய உரை)



2015-ல் டில்லி ஜந்தர் மந்தரில் முன்னாள் ராணுவத்தினர் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். 'ஒரே பதவி, ஒரே பென்ஷன்' ஆணை வந்தது. போராடினால் கிடைக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால், பென்ஷனே இல்லாத சிப்பாய்க்கு அதனால் என்ன லாபம்? பென்ஷனுக்கு 15 வருஷ சேவை வேண்டும். குடும்பக் கஷ்டத்தால் 10, 12 வருஷத்தில் ஊர் திரும்பியவருக்கு அது கிடையாது. ஜவ்வாது மலையடிவாரத்து மானாவாரி நிலம் அவருடைய முதுமைக்குச் சோறு போடுமா?

ஹவில்தார் பதவி வரை இருந்து, 65 வயதாகி, வருமானமில்லாத இவர்களுக்கும் இவர்களுடைய விதவைகளுக்கும் மாதம் 4,000 ரூபாய் வறுமை உதவித்தொகை இருந்தது. 2025 நவம்பர் 1 முதல் கொடுக்கும் மனுக்களுக்கு அது 8,000 ரூபாய். நல்லது. ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது? டிசம்பர் 7-ல் உண்டியல் குலுக்கும் கொடி நாள் நிதியிலிருந்து! எல்லையில் நின்றவருக்கு உண்டியல் காசா? பட்ஜெட்டிலிருந்து உரிமையாகக் கொடு என்று சர்க்காரைக் கேட்போம்.

அதுவரை சும்மா இருக்கலாமா? கூடாது. ஊர் ஊராகப் போங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் பெரியவர்களைத் தேடுங்கள். மனு எழுதி, திருவண்ணாமலை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சேருங்கள். மனுவும் நடக்கட்டும், போராட்டமும் நடக்கட்டும்!