பிளாக்கின் முகம்

சொந்த ஊரை விட்டு மும்பையிலும், தில்லியிலும், கொல்கத்தாவிலும், நாகபுரியிலும் குடியேறி வாழும் தமிழர்களுள் பலருக்கு மோட்டார் வண்டியே பிழைப்பு. சிலர் டாக்ஸி ஓட்டுகின்றனர். சிலர் சிறு பட்டறை வைத்திருக்கின்றனர். நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் புறப்பட்ட லாரிகளோடு நாட்டின் நான்கு மூலைகளுக்கும் போய் வருவோரும் உண்டு. இவர்கள் எல்லோரையும் என்றேனும் ஒரு நாள் சந்திக்கும் தொல்லை ஒன்று உண்டு. அதுதான் ஹெட் காஸ்கட் போய்விடுவது. புதிய காஸ்கட் கடையில் கிடைக்கும். ஆனால், அது உட்காரப் போகும் இடத்தை எவ்வாறு சித்தம் செய்வது என்பது கடையில் கிடைக்கும் பொருளன்று. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

எஞ்சினின் அடிப்பகுதி பிளாக். அதன் மேல் மூடிபோல் அமர்வது சிலிண்டர் ஹெட். இரண்டுக்கும் இடையே மெல்லிய தகடாக இருப்பது காஸ்கட். இது ஒரே சமயத்தில் மூன்று காவல் புரிகிறது. சிலிண்டருக்குள் வெடித்தெரியும் வாயுவை வெளியே விடாமல் தடுக்கிறது. குளிர்விக்கும் நீரை அதன் வழியிலே நிறுத்துகிறது. எண்ணெயை அதன் வழியிலே நிறுத்துகிறது. டீசல் எஞ்சினில் எரியும் வாயுவின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேலே செல்லும். இத்தகைய அழுத்தத்தை ஒரு மெல்லிய தகடு தாங்குகிறது என்றால், அது தன் பலத்தால் மட்டும் அன்று. தனக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு முகங்களும் சமமாய் இருப்பதனால்தான்.

ரேடியேட்டரில் குமிழிகள் எழுவது, புகைக்குழாயிலிருந்து ஓயாமல் வெண்புகை வருவது, எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறம் பெறுவது, வண்டி அடிக்கடி கொதிப்பது, இவை காஸ்கட் கெட்டதற்கு அறிகுறிகள். கெட்டதை மாற்றுமுன் ஏன் கெட்டது என்று கேட்க வேண்டும். ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் திறவாமல் இருக்கலாம், ரப்பர் குழாய் கசிந்து நீர் குறைந்திருக்கலாம். காரணத்தை விட்டுவிட்டுக் காஸ்கட்டை மட்டும் மாற்றுபவர், ஓட்டைப் பானையில் புதுநீர் ஊற்றுபவரே ஆவார்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே ஹெட்டின் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். சூட்டோடு கழற்றினால், குறிப்பாக அலுமினிய ஹெட், கோணிக்கொள்ளும். முறுக்கும்பொழுது நடுவிலிருந்து ஓரத்துக்குப் போவது முறை. கழற்றும்பொழுது ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். வடித்த கூலண்டைத் தெருச் சாக்கடையில் கொட்டலாகாது. அதில் உள்ள கிளைக்கால் இனிப்புச் சுவையுடையது. நாயும் குழந்தையும் அருந்தினால் உயிருக்கே ஆபத்து.

ஹெட் எடுபட்டவுடன் பிளாக்கின் முகம் தெரியும். பழைய காஸ்கட்டின் துணுக்குகள் கரிபோல் ஒட்டியிருக்கும். இங்கேதான் பொறுமை வேண்டும். முதலாவது, திறந்திருக்கும் வழிகளையெல்லாம் மூடுவது. சிலிண்டர்களுக்குள் நூல் உதிராத சுத்தமான துணியைச் செருகுக. எண்ணெய்த் துளைகளையும் நீர்த் துளைகளையும் அடைத்து விடுக. பிஸ்டனைச் சுற்றியுள்ள இடுக்கில் கொஞ்சம் கிரீஸ் தடவி வைத்தால், விழும் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் கிரீஸோடு சேர்த்துத் துடைத்து எடுத்துவிடலாம்.

அடுத்து, சுரண்டுவது. காஸ்கட் நீக்கும் மருந்து டப்பாக்களில் விற்கிறது. அதைத் தடவி, டப்பாவில் குறித்த நேரம் ஊற விட்டால் பழைய துணுக்கு இளகிவிடும். வார்ப்பிரும்புப் பிளாக்காயின், கூரிய தட்டையான ஸ்கிரேப்பரை முகத்தோடு ஏறக்குறையப் படுக்க வைத்துத் தள்ளலாம். அலுமினியமாயின் எஃகு அலகு கூடாது. பிளாஸ்டிக் அல்லது மர அலகே தகும். அலுமினியத்தில் விழுந்த ஒரு கீறல், நீருக்கும் வாயுவுக்கும் நாமே வெட்டிக் கொடுத்த வாய்க்கால்.

பழைய வண்டிகளில் வேலை செய்வோர்க்கு ஓர் எச்சரிக்கை. முற்காலத்துக் காஸ்கட்டுகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதன் நார் கண்ணுக்குத் தெரியாத தூளாகி நுரையீரலில் தங்கினால், பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கும். ஆகவே எக்காரணத்தை முன்னிட்டும் அதை உலர்ந்த நிலையில் சுரண்டவோ, தேய்க்கவோ, காற்றடித்து ஊதவோ கூடாது. நன்றாக நனைத்துச் சுரண்டி, துணுக்குகளைப் பையில் இட்டுக் கட்டி அகற்றுக. பட்டறையில் வேலை பழகும் சிறுவர்களிடம் இந்த வேலையை ஒப்படைப்பது பெரும் பாவம்.

இனி, பட்டறைகளில் மலிந்துவிட்ட ஒரு வழக்கம். காற்றால் சுழலும் கைக்கருவியில் சொரசொரப்பான வட்டத் தட்டை மாட்டி முகத்தைத் தேய்த்துவிடுகிறார்கள். இரண்டே நிமிடத்தில் முகம் பளபளக்கிறது, வாடிக்கையாளரும் மகிழ்கிறார். ஆனால், இதில் இரண்டு கேடுகள் உள்ளன. ஒன்று, அத்தட்டிலிருந்து உதிர்வது அலுமினியம் ஆக்ஸைடு என்னும் கடினமான துகள். எவ்வளவு மூடினாலும் சிறிதளவு எண்ணெய் வழியில் புகுந்துவிடும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அது பேரிங்குகளின் மென்மையான உலோகத்தில் பதிந்து, தண்டை அரைக்கத் தொடங்கும். காஸ்கட் மாற்றிய சில நாட்களில் பேரிங் போய்விட்டதென்றால், காரணம் இதுவாக இருக்கக்கூடும். மற்றொன்று, தட்டு மிருதுவான இடத்தில் அதிகமாகவும் கடினமான இடத்தில் குறைவாகவும் தின்னும். பளபளப்பு வேறு, சமம் வேறு. கண்ணுக்குக் கண்ணாடிபோல் தோன்றும் முகத்தில் காஸ்கட் பற்றாத பள்ளம் ஒளிந்திருக்கலாம்.

இரண்டு நிமிட வேலைக்குப் பதிலாக ஒரு மணி நேரம் கையால் உழைக்க வேண்டும் என்கிறேன். தினக்கூலியும் வாடகைச் சவாரியும் காத்திருக்கையில் ஒரு மணி நேரம் என்பது அற்பமன்று. அதை நான் அறிவேன். ஆயினும், எஞ்சினை முற்றாகப் பிரித்துப் பேரிங் மாற்றுவதற்கு ஆகும் நாட்களையும் பணத்தையும் அதற்கு எதிர்த்தட்டில் வைத்து நிறுத்துப் பாருங்கள்.

முகம் சுத்தமான பிறகு, அளப்பது. நேரான எஃகுச் சட்டம் ஒன்றை, அதாவது ஸ்ட்ரெய்ட் எட்ஜை, முகத்தின் மேல் வைத்து அடியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டைச் செருகிப் பார்க்க வேண்டும். நீளவாட்டில் இரண்டு ஓரங்கள், அகலவாட்டில் சில இடங்கள், மூலைக்கு மூலை இரண்டு கோடுகள் என்று எல்லாத் திசையிலும் பார்க்க வேண்டும். பல கார் எஞ்சின்களுக்கு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருத்தல் ஆகாது, சிலவற்றுக்கு 0.10 வரை அனுமதி உண்டு. உங்கள் எஞ்சினுக்கு உரிய அளவை அதற்குரிய கையேட்டில் காண்க. சாதாரண எழுதும் காகிதத்தின் கனம் ஏறத்தாழ 0.10 மில்லிமீட்டர். அக்காகிதத்தில் பாதிக் கனமே காவலுக்கும் கசிவுக்கும் இடையேயுள்ள எல்லை. பிளாக்கை அளந்தது போலவே ஹெட்டின் முகத்தையும் அளக்க வேண்டும்; கொதித்த வண்டியில் முதலில் கோணுவது பெரும்பாலும் அதுவே.

போல்ட் துளைகளைச் சுற்றி உலோகம் சற்றே மேலெழுந்திருந்தால், எண்ணெய் விட்ட நைஸான தட்டைச் சாணைக்கல்லால் அம்மேட்டை மட்டும் தணிக்கலாம். கோணல் அதிகமானாலோ, நீர்த் துளைகளின் ஓரம் அரித்துக் குழி விழுந்திருந்தாலோ, லேத் பட்டறைக்கு அனுப்பி முகம் சீவ வேண்டியதுதான். சீவும்பொழுது எவ்வளவு உலோகம் போயிற்று என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்க. டீசல் எஞ்சினில் பிஸ்டன் பிளாக்கின் முகத்தைத் தாண்டி எவ்வளவு உயர்கிறது என்பதைப் பொறுத்துக் காஸ்கட்டின் கனம் மாறும். அக்கனத்தைக் காட்டவே பல காஸ்கட்டுகளின் ஓரத்தில் சிறு வெட்டுக்களோ துளைகளோ இருக்கின்றன.

முகம் எவ்வளவு வழவழப்பாக இருக்க வேண்டும்? அது காஸ்கட்டின் இனத்தைப் பொறுத்தது. உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடரின் பழைய எஞ்சினில் பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. சூட்டில் இரண்டும் ஒன்றுபோல் விரியும். 2023 வரை மும்பையில் டாக்ஸியாக ஓடிய பிரீமியர் பத்மினியிலோ பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அரை மீட்டர் நீளமுள்ள ஹெட் 70 டிகிரி சூடேறினால், இரண்டுக்கும் ஏற்படும் வேற்றுமை ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். வண்டி சூடாகும்தோறும் ஆறும்தோறும் முகங்கள் காஸ்கட்டின் மேல் இவ்வாறு உராய்கின்றன. இக்காலத்து எஞ்சின்களில் வரும் பல அடுக்கு எஃகுக் காஸ்கட்டுக்கு முகம் மிகவும் வழவழப்பாக இருத்தல் வேண்டும். பழைய மிருதுவான காஸ்கட் சற்றுச் சொரசொரப்பைப் பொறுத்துக்கொள்ளும். எஃகுத் தகடு பொறுக்காது.

போல்ட் துளைகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடி மூடிய துளையில் எண்ணெயோ நீரோ தேங்கியிருக்க, போல்ட்டை முறுக்கினால், போக வழியில்லாத திரவம் பிளாக்கையே பிளந்துவிடும். ஆதலால் கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொண்டு, துளையின் மேல் துணியைப் போர்த்திக் காற்றடித்து உலர்த்துக. மரையைச் சுத்தம் செய்ய, உலோகத்தைச் சீவும் டேப்பை விட, அழுக்கை மட்டும் எடுக்கும் மரைத் துப்புரவுக் கருவி நல்லது. முறுக்கும்பொழுது நீண்டு பிடிக்கும் இனத்துப் போல்ட்டுகள் ஒரு முறைக்கே உரியவை. அவற்றைப் புதிதாகவே வாங்க வேண்டும்.

இறுதியாக, துடைப்பது. அடைத்த துணிகளையும் கிரீஸையும் கவனமாக எடுத்தபின், பிரேக் கிளீனர் போன்ற பிசுக்கு நீக்கியில் நனைத்த வெண்துணியால் முகத்தைத் துடைக்க வேண்டும். துணி கறுக்காமல் வரும் வரையில் துடைக்க வேண்டும். காற்றோட்டமான இடமாக இருக்கட்டும். பீடியும் தீக்குச்சியும் அருகே வேண்டா. அதன்பின் விரல்கூடப் படலாகாது. கையேடு சொன்னாலன்றிக் கிரீஸோ பசையோ பூசலாகாது. மும்பை போன்ற கடற்காற்று வீசும் நகரில் துடைத்த இரும்பு சீக்கிரமே துருப்பிடிக்கும். ஆகவே தாமதமின்றிக் காஸ்கட்டை அமர்த்தி, மேற்பக்கம் எது, முன்பக்கம் எது என்று அதில் பொறித்த குறியைப் பார்த்து, டார்க் ரெஞ்சால் படிப்படியாக முறுக்குக. பிறகு எண்ணெயும் ஃபில்டரும் புதிதாக மாற்றிவிடுக.

தில்லியின் காஷ்மீரி கேட்டிலோ கொல்கத்தாவின் மல்லிக் பஜாரிலோ காஸ்கட் வாங்கும்பொழுது பேசும் மொழி வேறாக இருக்கலாம். மிஸ்திரி உபயோகிக்கும் சொற்களும் வேறாக இருக்கலாம். ஆனால், ஃபீலர் கேஜில் பொறித்த எண் எல்லா மாநிலத்திலும் ஒன்றே. வேற்றூரில் மொழி தெரியாத காரணத்தால் ஏமாறுவோமோ என்று அஞ்சுபவர்கள், அந்தத் தகட்டை எடுத்துக் காட்டும்படி கேட்கட்டும். அளந்து காட்டும் தொழிலாளியை நம்பலாம். அளக்காமலே, சரியாகிவிட்டது என்பவரிடம் வண்டியை ஒப்படைக்குமுன் இன்னொரு முறை சிந்திப்பது நலம்.