பெயரை எழுதுவோம்

(வளர்கல்வி மையத்தில் ஒரு தொண்டர் பேசியது)

 

இன்று பிப்ரவரி 23. நம் பெங்களூரில் சில குடும்பங்கள் மறக்க முடியாத நாள்.

பழைய ஏர்போர்ட் ரோட்டில் கார்ல்டன் டவர்ஸ் என்று ஒரு கட்டடம் உண்டு. பல ஆபீசுகள் உள்ள உயரமான கட்டடம். 2010-ஆம் ஆண்டு இதே நாளில் அங்கே தீப்பிடித்தது. புகை மாடி மாடியாக ஏறியது. வெளியேறும் வழி கிடைக்காமல் பலர் தவித்தார்கள். ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள். சிலர் மேலேயிருந்து குதித்தார்கள். 9 பேர் இறந்தார்கள்.

அவர்கள் யார்? மந்திரிகளா? சினிமா நடிகர்களா? இல்லை. நம்மைப் போல அன்றாடம் வேலைக்குப் போய் வரும் சாதாரண மனிதர்கள்.

அதில் ஒருவர் இளம் வயதுப் பையன். மகனைப் பறிகொடுத்த அப்பா என்ன செய்தார்? அழுதார். ஆனால் அதோடு நிற்கவில்லை. துயரப்பட்ட மற்றக் குடும்பங்களும் அவரும் ஒன்று சேர்ந்தார்கள். 'பியாண்ட் கார்ல்டன்' என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். 'கார்ல்டனுக்கு அப்பால்' என்று அதற்கு அர்த்தம். தீயிலிருந்து தப்புவது எப்படி, கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று மக்களுக்குச் சொல்லி வருகிறார்கள். நம் பிள்ளை போய்விட்டான், இன்னொரு வீட்டுப் பிள்ளையாவது பிழைக்கட்டும் என்ற எண்ணம்தான். இறந்தவருக்குச் செய்யும் மரியாதையில் இது பெரிய மரியாதை.

நம் ஊர் இதற்கு முன்னும் இப்படி அழுதிருக்கிறது. 1981 பிப்ரவரி 7 அன்று வீனஸ் சர்க்கஸ் கூடாரம் எரிந்தது. 92 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். 1983 செப்டம்பர் 12 அன்று மெஜஸ்டிக் பக்கம் கட்டிக்கொண்டிருந்த கங்காராம் கட்டடம் இடிந்து விழுந்தது. 120 பேருக்கு மேல் இறந்தார்கள்.

92, 120, 9. இந்த எண்கள் பேப்பரில் வரும். ஆனால் எந்தத் தாயும் 'ஒரு எண்' என்று தன் பிள்ளையைக் கூப்பிட்டதில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

நம் மையத்துக்கு ஒரு அம்மா வந்தார். தர்மபுரிப் பக்கத்துக்காரர். சித்தாள் வேலை செய்தவர். அவருடைய வீட்டுக்காரர் கொத்தனார். வேலை நடந்த இடத்தில் சாரம் சரிந்து இறந்துபோனார். மறுநாள் பேப்பரில் 'தொழிலாளி பலி' என்று இரண்டே வரி. பெயர் இல்லை.

'உங்கள் பெயரை எழுதிப் பழகலாம் அம்மா' என்று நான் பலகையை நீட்டினேன். 'என் பேரு அப்புறம் இருக்கட்டும் கண்ணு. அவரு பேரை எப்படி எழுதறதுன்னு காட்டு' என்றார். ஒரு வாரம் பழகினார். பிறகு வீட்டில் மாட்டிய போட்டோவுக்குக் கீழே தன் கையாலேயே எழுதி ஒட்டினார். எழுத்து கொஞ்சம் கோணல்தான். அதைவிட நல்ல எழுத்தை நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. நியூயார்க் நகரில் 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் என்ற கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தீப்பிடித்தது. வெளியேறும் ஒரு கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பிழைக்க வந்த இளம் பெண்கள். அதன் பிறகுதான் தொழிற்சாலைப் பாதுகாப்புக்குப் பல சட்டங்கள் அங்கே வந்தன.

2004 முதல் ஒவ்வொரு மார்ச் 25-லும் தொண்டர்கள் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இறந்தவர்கள் குடியிருந்த வீடுகளின் வாசலில் அவர்களின் பெயரையும் வயதையும் எழுதுகிறார்கள். மழை வந்தால் எழுத்து அழியும். அடுத்த வருடம் மறுபடி எழுதுவார்கள். நூறு வருடம் கழிந்தும் அந்தப் பெண்களுக்குப் பெயர் இருக்கிறது.

இங்கே இருக்கும் அக்காமார்களில் பலர் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறீர்கள். நாளைக்கு வேலைக்குப் போனதும் ஒன்று பாருங்கள். ஓடும் மனிதன் படம் போட்ட பச்சைப் பலகை எங்கே இருக்கிறது? அது காட்டும் கதவு திறக்கிறதா? அங்கே துணி மூட்டை அடுக்கியிருக்கிறார்களா? கதவு பூட்டியிருந்தால் தனியாகக் கேட்கப் பயமாக இருக்கும். நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்.

தீப்பிடித்தால் லிப்டில் ஏறாதீர்கள். படியில் இறங்குங்கள். புகை மேலேதான் சூழும். ஆகவே குனிந்து, தேவைப்பட்டால் தவழ்ந்து வெளியே வாருங்கள். துணியை நனைத்து மூக்கை மூடிக்கொள்ளுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101. அவசரத்துக்கு 112. இந்த இரண்டு எண்களையும் நோட்டில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த பக்கத்தில் ஒரு பெயர் எழுதுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் விபத்திலோ வெள்ளத்திலோ நோயிலோ போய்ச் சேர்ந்த ஒருவர் இருப்பார். அவர் பெயர், அவர் ஊர், அவர் செய்த வேலை. அவர் விரும்பிச் சாப்பிட்டது என்ன, யாரை எப்படிக் கூப்பிடுவார் என்று இரண்டு வரி. எழுத்துப் பிழை வந்தால் பரவாயில்லை. நான் கூட இருக்கிறேன். நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளை அந்தப் பக்கத்தைப் படிப்பான். 'இவர் யாரு பாட்டி?' என்று கேட்பான். நீங்கள் சொல்வீர்கள்.

நோட்டைத் திறங்கள். எழுதலாம்.