ஒரு கேள்வியும் நாற்பத்துமூன்று பதில்களும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், 1985 ஆம் ஆண்டு க.பொ.த. சாதாரண தர அணியினர் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒவ்வொரு அணியும் ஒரு நினைவைப் பகிர வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது எமக்குப் பல நினைவுகள் வந்தன. வலைப்பந்தாட்டத்தில் வென்ற கிண்ணம், பரிசளிப்பு விழாவில் திரை விழுந்த நாடகம், விடுதிச் சாப்பாடு எல்லாம் இருந்தன. ஆனாலும் நாம் கூடிப் பேசி வேறொன்றைத் தெரிந்தெடுத்தோம். அது எமக்குப் பெருமை தரும் நினைவன்று. கொரோனாக் காலத்தில் எம்முள் ஒருத்தி கேட்ட கேள்வியை நாம் எப்படி நடத்தினோம் என்பதே இன்றைய பேச்சு. அவளுடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம்.

நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட வருவார்கள். மண்டபத்தில் வரிசையாக நிற்போம். முன்னுக்கு நிற்பவள் அழுதால் பின்னுக்கு நிற்பவளும் அழுவாள். எவரும் எம்மிடம் சம்மதம் கேட்டதில்லை. நாமும் ஏன் என்று கேட்டதில்லை. வரிசை நகர்ந்தது, நாமும் நகர்ந்தோம். எம்மில் அநேகரின் இடது புயத்தில் இன்றும் ஒரு தழும்பு இருக்கிறது. இந்த நாட்டில் 1993 இற்குப் பின்னர் ஒரு பிள்ளையும் இளம்பிள்ளைவாதத்தால் முடமாகவில்லை என்றால் அதற்குத் தடுப்பு மருந்தே காரணம்.

2021 இல் அப்படியொரு வரிசை இருக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், ஒவ்வொருத்தியும் தன் வீட்டில், கையில் ஒரு தொலைபேசியோடு தனித்தனியே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

எமது வட்ஸ்அப் குழுவில் அறுபது பேர் இருந்தோம். யாழ்ப்பாணம், கொழும்பு, லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண் என்று சிதறியிருந்த எம்மை அந்த முடக்க காலத்தில் அதுதான் சேர்த்து வைத்தது. 2021 மே மாத இறுதியில் யாழ். மாவட்டத்துக்குச் சைனோபாம் தடுப்பூசி வந்தது. தெரிவுசெய்யப்பட்ட கிராம அலுவலர் பிரிவுகளில் பொதுமக்களுக்குப் போடத் தொடங்கினார்கள். அந்த வாரத்தில் ஒருநாள் மாலை, ஊரில் வயதான தாயோடு தனியே வாழ்ந்த தோழி இப்படி எழுதினாள்:

"95 இல இடம்பெயர்ந்து போயிருக்கேக்க எனக்கு ஒரு ஊசி போட்டு, முகமெல்லாம் வீங்கி மூச்சுவிட ஏலாமல் போனது. அது என்ன ஊசியெண்டு தெரியாது. துண்டும் இல்லை. இப்ப நான் சைனோபாம் போடலாமோ? ஆருக்கும் தெரிஞ்சால் சொல்லுங்கோ."

அக்கேள்வியின் பின்னணி எமக்குத் தெரியாததல்ல. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணமே தென்மராட்சியை நோக்கி நடந்தது. அந்த இடப்பெயர்வில் பாடசாலைக் கட்டடங்களிலும் கொட்டில்களிலும் காய்ச்சலோடு கிடந்தவர்களுக்குக் கிடைத்த மருந்தைக் கிடைத்தவர் போட்டார். துண்டு எழுதி வைக்க யாருக்கு நேரமிருந்தது?

ஒரு மணித்தியாலத்துக்குள் நாற்பத்துமூன்று பதில்கள் வந்தன. பின்னர் ஒருநாள் இருந்து எண்ணிப் பார்த்தோம். "நான் போட்டிட்டன், ஒண்டும் நடக்கேல்லை" என்று பன்னிரண்டு பேர். "சீனச் சாமான், கவனம்" என்று பகிடி விட்டவர்கள் ஐந்து பேர். கேகாலைப் பாணி குடிக்கச் சொன்னவர்கள் இருவர். நடிகர் விவேக்கின் படத்தைப் போட்டவர்கள் மூவர். ஏப்ரல் 15 ஆம் திகதி சென்னையில் தடுப்பூசி போட்ட அவர் 17 ஆம் திகதி மாரடைப்பால் இறந்தது எல்லோருடைய மனத்திலும் இருந்த காலம் அது. அவருடைய மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று இந்திய நிபுணர் குழு சொன்னது பல மாதங்களுக்குப் பிறகுதான். படம் பரவிய அளவுக்கு அந்த முடிவு பரவவில்லை.

மிகுதியில் ஒன்று இது: "சயன்ஸ் படிச்சவள் இப்பிடிக் கேக்கலாமோ? கல்லூரிக்கே வெக்கம்." அதன் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக நின்றன. அவற்றை இட்டவர்களில் பலர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறோம்.

அன்றிரவே அவள் குழுவிலிருந்து விலகினாள். "கோவிச்சிட்டாள், வருவாள்" என்று விட்டுவிட்டோம். நாற்பத்துமூன்று பதில்களில் ஒன்றுகூட அவளுடைய கேள்விக்கான பதில் அல்ல என்பதை எவரும் கவனிக்கவில்லை. குழுவில் இரண்டு வைத்தியர்களும் நான்கு தாதியரும் இருந்தோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும். வேலைக் களைப்பில் வாசிக்காமல் விட்டவர்கள் சிலர். வாசித்தும், நாற்பது பேர் பேசிவிட்டார்களே, நான் ஏன் என்று விட்டவர்கள் சிலர்.

ஆறு வாரம் கழிந்தது. எமக்கு விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர், அப்போது அவருக்கு எண்பத்திரண்டு வயது, வேறொரு அலுவலாக எம்மில் ஒருத்தியோடு கதைத்தபோது இந்தக் கதை தற்செயலாக அவர் காதில் விழுந்தது. அவர் எமக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அழைப்பெடுத்தார்.

"பிள்ளை, அண்டைக்கு என்ன நடந்தது? முதலிலயிருந்து சொல்லு."

அவள் சொன்னாள். ரீச்சர் இடையில் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"அதுக்குப் பிறகு நீ ஏற்பூசி ஏதும் போட்டனியோ?"

"ஓம் ரீச்சர். காலில ஆணி ஏறினபோது போட்டனான்."

"ஏதும் செய்ததோ?"

"இல்லை ரீச்சர்."

"அப்ப இதெல்லாத்தையும் ஒரு கொப்பித் தாளில எழுது. எழுதிக்கொண்டு போய் ஊசி போட முதல் டொக்டரிட்டக் காட்டு. அவர் வேண்டாமெண்டால் வேண்டாம். பயந்து விட்டிடாதை, கேளாமலும் போட்டிடாதை."

அவள் எழுதிக்கொண்டு போனாள். நிலையத்திலிருந்த வைத்தியர் தாளை வாசித்தார். அந்தக் காலத்தில் போட்டது பெரும்பாலும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தாக இருக்கலாம் என்றும், அப்படியொரு மருந்து ஒத்துவராததால் மாத்திரம் இந்தத் தடுப்பூசியை விலக்க வேண்டியதில்லை என்றும் விளக்கினார். இதே தடுப்பூசியோ அதில் சேர்ந்துள்ள பொருளொன்றோ முன்னர் கடுமையாக ஒவ்வாமல் போயிருந்தால்தான் போடக்கூடாது. மற்றவர்கள் ஊசிக்குப் பின் பதினைந்து நிமிடம் இருந்துவிட்டுப் போகலாம். அவள் அரை மணித்தியாலம் இருக்க வேண்டும், ஏதும் நடந்தால் கொடுக்க அட்ரினலின் பக்கத்தில் இருக்கிறது என்றார். அவள் அரை மணித்தியாலம் இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கைநோவுக்கு இரண்டு பனடோல் போட்டாள்.

இந்தக் கதை இந்த இடத்தில் முடிந்திருந்தால் நாம் இங்கே வந்து பேசியிருக்க மாட்டோம்.

அவளுடைய அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது, சலரோகமும் இருந்தது. "நீ போட்டால்தான் நானும் போடுவன்" என்று அந்த அம்மா முதலிலேயே சொல்லிவிட்டா. மகள் தயங்கிய ஆறு வாரமும் தாயும் காத்திருந்தா. இருவரும் ஒன்றாகத்தான் யூலை கடைசி வாரத்தில் முதல் ஊசியைப் போட்டார்கள். இரண்டாவதற்கு நான்கு வாரம் கழித்துத் திகதி குறித்துக் கொடுத்தார்கள். ஓகஸ்ட் மூன்றாம் வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் தொடங்கியது. நாடு முழுவதும் நாளொன்றுக்கு இருநூறு பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனா, திரும்பி வரவில்லை. வீட்டுக்கு உடல் வரவில்லை, பந்தல் இல்லை, ஒப்பாரி இல்லை. அந்தியேட்டிக் கிரியையை நாம் சூமில் பார்த்தோம். திரையில் அவள் தனியே இருந்தாள். எமது ஒலிவாங்கிகள் எல்லாம் மூடியிருந்தன.

நேரத்துக்கு இரண்டு ஊசியும் போட்டிருந்தால் அந்த அம்மா பிழைத்திருப்பா என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. வைத்தியத் தோழிகளும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆறு வாரத்தில் எமக்குப் பங்கில்லை என்றும் எம்மால் சொல்ல முடியாது.

அதன் பிறகுதான் நாம் ஒருவரோடொருவர் உண்மையாகக் கதைக்கத் தொடங்கினோம். கதைத்தபோது ஒரு விடயம் தெரியவந்தது. பயப்படாமல் ஊசி போட்டவள் எம்மில் அநேகமாக ஒருத்தியும் இல்லை.

லண்டனில் தாதியாக இருக்கும் தோழி, 2020 டிசெம்பர் 8 ஆம் திகதி பிரித்தானியாவில் தடுப்பூசி தொடங்கிய அதே மாதத்தில் தனக்கான முதல் ஊசியைப் போட்டுவிட்டுக் கார்த் தரிப்பிடத்தில் இருந்து அழுதிருக்கிறாள். மூன்று வாரத்தில் என்று சொன்ன இரண்டாவது ஊசியைப் பன்னிரண்டு வாரம் வரை பிற்போட்டபோது, இது சரிவருமா என்று அவளுக்கும் சந்தேகம். மெல்பேர்ணில் இருப்பவள் ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு அஸ்ட்ராசெனகா என்ற அறிவுறுத்தலின்படி மே மாதத்தில் போட்டாள். யூன் 17 ஆம் திகதி, இரத்தக் கட்டி ஏற்படும் அரிதான ஆபத்தைக் காட்டி, அறுபதுக்கு மேற்பட்டோருக்கே அது உகந்தது என்று மாற்றினார்கள். முதல் ஊசியால் பிரச்சினை இல்லாதவர்கள் இரண்டாவதையும் போடலாம் என்று அவர்கள் சொல்லியும் அவள் நாட்கணக்காக நித்திரை கொள்ளவில்லை. ரொறன்ரோத் தோழிக்கு முதலாவது ஒரு வகை, இரண்டாவது வேறொரு வகை. கொழும்புத் தோழி இந்தியாவிலிருந்து வந்த கொவிஷீல்ட்டை ஒரு தடவை போட்டுவிட்டு, ஏற்றுமதி நின்றுபோனதால் இரண்டாவதுக்குக் காத்திருந்த இலட்சக்கணக்கானோரில் ஒருத்தி. யூலை முடிவில் யப்பான் அனுப்பிய பிறகுதான் அவளுக்குக் கிடைத்தது.

1990 இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழும் எமது முஸ்லிம் தோழி சொன்னது எம்மை வாயடைக்கச் செய்தது. நல்லடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், 2020 ஏப்ரலில் இருந்து 2021 பெப்ரவரி வரை கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் இந்த நாட்டில் எரித்தார்கள். "விஞ்ஞானம் எண்டு சொல்லித்தானே எரிச்சவை. அதே வாயால ஊசியும் விஞ்ஞானம் எண்டு சொல்லேக்க நான் எப்பிடி உடனே நம்புறது?" என்றாள். அவளும் கடைசியில் போட்டாள். தனக்குப் பிரசவம் பார்த்த குடும்பநல உத்தியோகத்தர், ஓய்வுபெற்ற பிறகும் வீட்டுக்கு வந்து பக்கத்தில் இருந்து கதைத்ததால் போட்டாள்.

ஊரிலே வேறொரு தயக்கமும் இருந்தது. தடுப்புச் செயற்பாட்டு நிலையத்துக்கு இராணுவத் தளபதி தலைமை தாங்கினார். அடையாள அட்டையைக் கொடுத்துப் பெயர் பதிவதென்றால் எமது மக்களுக்கு வேறு ஞாபகங்கள் வரும். அதை அறியாமை என்று எவரும் சொல்லக்கூடாது.

இதிலிருந்து நாம் விளங்கிக்கொண்டது ஒன்றுதான். தயங்கியவர்களை அசைத்தது புள்ளிவிபரமும் அல்ல, ஏளனமும் அல்ல. அவர்களுக்கு ஏற்கெனவே நம்பிக்கையான ஒருவர், அவர்களுடைய கேள்வியை முழுவதும் கேட்டு, அதற்கு மாத்திரம், அவர்களுடைய மொழியில் பதில் சொன்னதுதான். 1848 இல் மானிப்பாயில் வைத்தியம் தொடங்கிய சாமுவேல் கிறீன், மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்துத் தமிழில் நூல்களாக்கியதும் இந்த உண்மையை அறிந்துதான். 2021 முடிவதற்குள் இந்நாட்டு மக்களில் அறுபது வீதத்துக்கு மேற்பட்டோர் இரண்டு ஊசியும் போட்டிருந்தார்கள். அதற்குள் எமது ரீச்சரைப் போன்ற எத்தனையோ பேருடைய தொலைபேசி அழைப்புகளும் இருக்கின்றன.

அடுத்த ஆண்டு நாம் ரீச்சரின் அனுமதியோடு அவளுடைய வீட்டுக்குப் போனோம். ஐந்து பேர் போனோம், மற்றவர்களின் பெயரில் மன்னிப்புக் கேட்டோம். அவள் தேத்தண்ணி தந்தாள். "அம்மா இருந்திருந்தா உங்களுக்குப் பணியாரம் சுட்டுத் தந்திருப்பா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. மாதங்கள் சென்று குழுவில் மீண்டும் சேர்ந்தாள்.

கடந்த ஆண்டு அவள் குழுவில் மறுபடியும் ஒரு கேள்வி கேட்டாள். தமையனின் பேத்தி ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசிக்குப் பெற்றோரின் சம்மதம் கேட்டுப் பள்ளிக்கூடத்தால் கடிதம் வந்திருக்கிறது. 2017 இலிருந்து நாடெங்கும் போடும் ஊசிதான். ஆனாலும் பிள்ளையின் தாய்க்குப் பயம். என்ன சொல்வது என்று கேட்டிருந்தாள்.

பத்து நிமிடம் குழுவில் ஒரு சத்தமும் இல்லை. பகிடி இல்லை, படம் இல்லை, சிரிக்கும் முகம் இல்லை. பிறகு எமது வைத்தியத் தோழிகளில் ஒருத்தி ஒரு வரி எழுதினாள்:

"பிள்ளையின்ர அம்மாவின்ர நம்பரைத் தா. நான் இப்ப கோல் எடுக்கிறன்."

சகோதரிகளே, நூறு ஆண்டுகளாக இந்தச் சங்கம் கட்டடம் கட்டியிருக்கிறது, புலமைப்பரிசில் கொடுத்திருக்கிறது. அவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்வோம் என்று எமது அணி பணிவோடு கேட்கிறது. எம்மில் ஒருத்தி பயத்தோடு ஒரு கேள்வி கேட்டால், அந்தக் கேள்வியை முழுவதும் வாசிப்போம். பதில் தெரிந்தவள் அழைப்பெடுப்பாள். தெரியாதவர்கள் தெரிந்தவளைத் தேடிப் பிடிப்போம்.