பிஸ்கட் டின்னில் இருந்த மாத்திரைகள்

(பேச்சிப்பாறையில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்கும் முன் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு அலமாரியில், யாரும் சாப்பிடாமல் கிடக்கும் மாத்திரைகள் எத்தனை இருக்கும்? சிரிக்கிறீர்கள். எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று அர்த்தம்.

என் அம்மா காலமானபோது இரண்டு பிஸ்கட் டின் நிறைய மாத்திரைகளை விட்டுச் சென்றார். பிரஷருக்கு, சர்க்கரைக்கு, மூட்டுவலிக்கு. எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை. குப்பையில் போட மனம் வரவில்லை. யாராவது ஏழைக்கு உதவட்டும் என்று எடுத்து வைத்தேன்.

அப்போது என் வகுப்பில் ஒரு மாணவி. அணைக்கு அக்கரை மலைக்குடியிருப்பில் இருந்து வள்ளத்தில் வந்து படிக்கிற பிள்ளை. ஒருநாள் முகம் வாடியிருந்தது. கேட்டேன். "தாத்தாவுக்குப் பிரஷர் குளிகை தீந்து போச்சு சார். வாங்கப் பைசா இல்ல" என்றாள். மறுநாளே அம்மாவின் டின்னில் இருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தேன். நல்லது செய்த நிறைவோடு அன்று வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. தாத்தாவுக்கு மூச்சு முட்டி, வள்ளத்தில் ஏற்றி, ஜீப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டு போயிருந்தார்கள். நானும் ஓடினேன். மருத்துவர் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "சார், பிரஷர் மாத்திரை என்று தனியாக ஒன்று கிடையாது. பல வகை உண்டு. இது அட்டெனலால். பெரியவருக்கு இழுப்பு இருக்கிறது. இழுப்பு உள்ளவர்களுக்கு இது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடலாம்." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தாத்தா பிழைத்துக்கொண்டார். அந்த டின் மட்டும் என்னை உறங்கவிடவில்லை.

அதன்பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். மிச்ச மருந்தை ஏழைகளுக்குக் கொண்டுசேர்ப்பது தவறான எண்ணமே அல்ல. டில்லியில் ஓம்கார்நாத் சர்மா என்று ஒருவர் இருக்கிறார். ரத்த வங்கியில் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவர். 2008இல் அங்கே லட்சுமி நகரில் மெட்ரோ பாலம் கட்டும்போது நடந்த விபத்தில், காயம்பட்ட ஏழைகள் மருந்துக்குத் தவித்ததைப் பார்த்தார். அன்று முதல் காவிச் சட்டை அணிந்து, வீடு வீடாக நடந்து, மிச்ச மருந்து கேட்டு வாங்குகிறார். 'மெடிசின் பாபா' என்றே அவருக்குப் பெயர். அவர் சேர்ப்பவை தொண்டு அமைப்புகளுக்கும், மருத்துவரின் சீட்டோடு வருகிற ஏழைகளுக்கும் போகின்றன. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் 2007 முதல் இதை முறையான திட்டமாகவே நடத்துகிறார்கள். பிரிக்காத உறை, காலாவதித் தேதி எல்லாவற்றையும் மருந்தாளுநர் சரிபார்த்த பிறகே மருந்து அடுத்தவர் கைக்குப் போகும்.

இந்தச் சரிபார்ப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2004 சுனாமியை நம் குளச்சலும் மணக்குடியும் மறக்காது. அதே சுனாமியில் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு உலகெங்கும் இருந்து சுமார் 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. பெரும்பாலானவற்றின் உறையில் இருந்தது அவ்வூரார் படிக்க முடியாத மொழி. தேவையில்லாத மருந்துகள், தேதி முடிந்த மருந்துகள் என்று நூற்றுக்கணக்கான டன்களை அழிக்க வேண்டியதாயிற்று. இத்தகைய அனுபவங்களால்தான் உலக சுகாதார நிறுவனம் 1996இலேயே மருந்து நன்கொடைக்கு நெறிமுறை வகுத்திருந்தது. ஒரு நோயாளியிடம் போய்த் திரும்பி வந்த மருந்தை நன்கொடையாக அனுப்பக் கூடாது என்பது அதில் ஒன்று. அந்த மருந்து அடுப்படியில் இருந்ததா, வெயிலில் இருந்ததா என்று யாருக்குத் தெரியும்? நம் நாட்டிலும் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டப்படி மருந்து விற்கவும் விநியோகிக்கவும் உரிமம் வேண்டும்.

நான் கொடுத்த அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பாதி வெட்டிய அட்டை. காலாவதித் தேதி அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். வெட்டிக் கொடுக்கும்போது அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிடும். தேதி இல்லாத மாத்திரையைத்தான் நான் தானம் செய்திருக்கிறேன்.

அதைவிட என்னைச் சுட்டது வேறொன்று. தாத்தாவுக்கு வேண்டிய மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிறது. அப்புறம் ஏன் அவர் போகவில்லை? வள்ளத்தில் வந்து, வரிசையில் நின்று, திரும்பிப் போனால் ஒரு நாள் பால்வெட்டுக் கூலி போய்விடும். கடையில் வாங்கவோ காசில்லை. அவருக்குத் தேவைப்பட்டது என் அம்மாவின் மாத்திரை அல்ல. அவருடைய மாத்திரை அவர் வீட்டுக்கு வந்து சேர ஒரு வழி. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அதற்காகவே உள்ளது. பிரஷர், சர்க்கரை நோயாளிகளுக்கு வீட்டிலேயே மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள். சுகாதாரப் பணியாளரிடம் அந்தத் தாத்தாவின் பெயரைச் சேர்க்கச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம்தான் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தை முதலிலேயே செலவழித்திருக்கலாம்.

ஆகவே, தோழர்களே, மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, எவ்வளவு இரக்கம் வந்தாலும் மிச்ச மாத்திரையைக் கையோடு கை கொடுக்காதீர்கள். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நடுவில் ஒரு மருத்துவரோ மருந்தாளுநரோ இருக்க வேண்டும். பிரிக்காத, தேதி உள்ள முழு அட்டை என்றாலும் அவரிடம் காட்டிக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். பாதி மிஞ்சிய ஆன்டிபயாடிக் என்றால் யாருக்குமே கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, மிச்சத்தைக் குளத்திலோ கால்வாயிலோ வீசாதீர்கள். இந்த அணைத் தண்ணீர்தான் நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பாய்கிறது. பக்கத்துக் கேரளத்தில் பயன்படாத மருந்துகளை வீடுகளில் இருந்து திரட்டி, முறைப்படி அழிக்கும் திட்டத்தை 2025இல் கோழிக்கோட்டில் தொடங்கியிருக்கிறார்கள். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்கும் இடத்தில் கேட்போம்.

மூன்றாவது வகுப்பறைக்கானது. பிள்ளைகளிடம் காலி அட்டைகளை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சிவப்புக் கோடு ஆகியவற்றைப் படிக்கப் பழக்குங்கள். அறிவியலும் கணக்கும் அதிலேயே இருக்கின்றன. கூடவே, "வீட்டில் தினமும் மாத்திரை சாப்பிடுபவர் யார்? எங்கே வாங்குகிறார்கள்?" என்று தனியாக, மெதுவாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் பிள்ளையின் வீட்டில்தான் மாத்திரை தீர்ந்திருக்கும். அந்தப் பெயரைச் சுகாதாரப் பணியாளரிடம் சேர்த்துவிடுங்கள்.

அந்த மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்பு. தாத்தாவின் அட்டையில் தேதி பார்ப்பது அவள் வேலை. சென்ற மாதம் என்னிடம் வந்து, "சார், உங்க வீட்டு டின்ன பாத்தாச்சா?" என்று கேட்டாள்.

பார்த்துவிட்டேன். நீங்களும் இன்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள்.