கத்தி வைக்குமுன் இன்னொரு டாக்டர்

(வல்லார்பாடம் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றிப் பேசுவேன் என்று வந்திருப்பீர்கள். இன்று கர்ப்பப்பையைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆண்கள் எழுந்து போகவேண்டாம். கையெழுத்துப் போடுவது நீங்கள்தானே!

2008இல் மத்திய அரசு ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய்க் காப்பீட்டு அட்டை தந்தது. நல்ல காரியம். ஆனால் பீகாரிலும் சத்தீஸ்கரிலும், வயிற்றுவலி என்று போன பெண்களைப் புற்றுநோய் வருமென்று பயமுறுத்திக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்ற புகார் 2012இல் வெடித்தது. மாத்திரை எழுதித் திருப்பி அனுப்பினால் அட்டையில் காசில்லை. படுக்கவைத்து அறுத்தால் உண்டு. சூட்சுமம் அவ்வளவுதான்.

மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில், நம்மைப் போலவே ஊர்விட்டுப் போய்க் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரை 2019இல் விசாரித்தார்கள். 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை! மாதவிலக்கென்று ஒருநாள் நின்றால் அங்கே கூலி போகும், அபராதமும் விழும்.

2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், இதைத் தடுக்கும் வழிமுறைகளை மூன்று மாதத்தில் எல்லா மாநிலங்களும் ஏற்கவேண்டுமென்றது. நாம் கேட்பது இன்னும் ஒன்று: அவசரமில்லாத அறுவைக்கு, அதில் காசு பார்க்காத அரசு டாக்டர் ஒருவரின் கையெழுத்தும் கட்டாயமாகட்டும். அதற்காக அலையும் நாளின் கூலியைக் காப்பீடே தரட்டும். விபத்துக்கும் பிரசவச் சிக்கலுக்கும் இது பொருந்தாது. அங்கே தாமதித்தால் உயிர் போகும்.

அதுவரை, ஸ்கேன் தாளைக் கேட்டு வாங்குங்கள். பஸ் ஏறி எறணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். மலையாளத்தில் பேசத் தயக்கமா? சங்கத்தில் சொல்லுங்கள், கூட ஆள் வரும்.