தேள்கொடுக்கு வார்த்தைகள்

(கீழ்பென்னாத்தூரில் அம்பேத்கர் பிறந்தநாளன்று இரவுப்பள்ளிப் பிள்ளைகளிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



மனநலம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை. படக்கதை படிச்சு வளர்ந்தவன். 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, எங்க காலனிக்கு அட்டை கிழிஞ்சுதான் வந்து சேரும். எழுத்துக் கூட்டத் தெரியாதவனும் படத்தைப் பார்த்துக் கதை சொல்லுவான். மின்சாரம் பாய்ஞ்சா மாயாவி மறைஞ்சிடுவான், இரும்புக்கை மட்டும் தெரியும். நமக்கு மின்சாரம் வேண்டியதில்லை. சாதி தெரிஞ்சா போதும், ஆள் மறைஞ்சிடுவோம். வேலை செய்யிற கை மட்டும் அவங்க கண்ணுக்குத் தெரியும்.

ஏழாவது படிக்கையில் வகுப்பைக் கூட்ட எங்க தெருப் பிள்ளைகளைத்தான் கூப்பிடுவார்கள். தினமும் காலையில் எனக்கு வயித்துவலி. அம்மா பூசாரிகிட்டே கூட்டிப்போய்த் தாயத்துக் கட்டினாள். வலி போகல. அது வயித்துவலி இல்லை, அவமானம் என்று சொல்ல யாருமில்லை.

2011இல் நவயானா வெளியிட்ட 'பீமாயணம்' பார்த்தபோதுதான் அது விளங்கியது. பர்தான் கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தது. சத்தாரா பள்ளியில் சிறுவன் பீம் குழாயைத் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்தால்தான் தண்ணீர். அந்தப் புத்தகத்தில் அன்பாகப் பேசுகிறவர் பேச்சு பறவை வடிவத்தில் இருக்கும். சாதிவிஷம் கக்குகிறவன் பேச்சுக்குத் தேள்கொடுக்கு முளைச்சிருக்கும். வாய்விட்டுச் சொல்லாமல் மனசில் ஓடுவதற்கு ஒரு கண்.

போன ஞாயிறு இந்தப் பிள்ளைகளிடம் தாள் கொடுத்து, பள்ளிக்கூடத்தில் ஒருநாளை இதே மாதிரி வரையச் சொன்னோம். ஒரு பையன் வாத்தியார் பேச்சுக்குத் தேள் போட்டான். தன் வாய்ப்பக்கம் ஒண்ணுமே போடல. மனசுக்கண் மட்டும் பாதித் தாளுக்கு இருந்தது. உள்ளே காலி. "ஏம்பா எழுதல?" என்றேன். "எழுதினா அழுதுடுவேன்ணா" என்றான்.

தோழர்களே, அந்தக் காலியிடம்தான் ஆபத்து. 2016 சனவரி 17இல் ஐதராபாத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். படிச்ச பிள்ளைக்கே அந்த கதி என்றால், வாய்திறக்காத நம்ம பிள்ளைக்கு யார் துணை?

இரண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பாருங்கள். அவமானத்தால் வருகிற வலிக்கு மாத்திரை மட்டும் போதாது. தேளை அடிக்கணும், அது நம் அரசியல். ஆனால் தூக்கமே இல்லை, காதில் குரல் கேட்குது, உயிர் வாழப் பிடிக்கல என்றால் வைத்தியம் உண்டு. மருத்துவமனைக்குப் போவது கேவலமில்லை. வேப்பிலை அடியும் சங்கிலியும் வைத்தியம் இல்லை. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் வெந்து செத்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. சாகத் துணிந்தவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகக் கருதச் சொல்கிறது. 14416க்குக் காசில்லாமல் போன் போட்டுத் தமிழிலேயே பேசலாம். சுவரில் எழுதி வையுங்கள்.

தாய்மார்களே, பிள்ளை வயித்துவலி என்றால் தாயத்துக்கு முன்னால், "இன்னிக்கு உன்னை யார் என்ன சொன்னா?" என்று கேளுங்கள்.

பிள்ளைகளே, தாளை எடுங்க. படம் அழகா வரணும்னு இல்லை. அழுகை வந்தா அழுங்க, பக்கத்தில் நாங்க இருக்கோம். அந்தக் கண்ணுக்குள்ளே எழுதுங்க.